அறுபதைத் தாண்டினால் கிளினிக்கும் மாற வேண்டுமா?

திருகோணமலைப் பக்கம் மனநல கிளினிக்கில் நெடுங்காலம் தாதியாக இருந்தவள் நான். வயதுபோன நோயாளர்கள் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

உப்புவெளியிலிருந்து: அக்கா, அம்மாவுக்கு 64. இருபது வருடமாக பைபோலருக்கு (மனநிலை மிகையாக ஏறி இறங்கும் வருத்தம்) லித்தியம் குளிசை. 65 ஆனதும் முதியோர் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள் என்று லண்டன் அண்ணா சொல்கிறார். இங்கும் அப்படியா?

தங்கச்சி, அங்கே 65 என்ற கோடு நெடுநாள் இருந்தது உண்மைதான். இப்போது வயதை மட்டும் வைத்து மாற்றாமல் தேவையைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நம் நாட்டுச் சட்டம் 60 வயதிலேயே முதியவர் என்கிறது; அதற்காகக் கிளினிக் மாற வேண்டியதில்லை. பழகிய வைத்தியரை விடாதீர்கள்.

மருந்தின் அளவுதான் மாறக்கூடும். வயது போகப்போக சிறுநீரகம் லித்தியத்தை மெதுவாகத்தான் வெளியேற்றும், பழைய அளவே கூடிப்போய்விடும். லித்தியம், கிரியட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), தைரொயிட் மூன்றுக்கும் இரத்தம் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கடைசிக் குளிசை போட்டு 12 மணித்தியாலம் கழித்துத்தான் லித்தியத்துக்கு இரத்தம் எடுக்க வேண்டும். காலைக் குளிசையைப் போட்டுவிட்டு வந்து நிற்பவர்கள் எத்தனை பேர்! முழங்கால் வலிக்கு பார்மசியில் டைக்லோபினாக் வாங்கிக் கொடுக்காதீர்கள், லித்தியம் ஏறிவிடும். வயிற்றோட்டம் வந்தாலும் அப்படித்தான். கை பலமாக நடுங்கி, பேச்சுக் குழறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூதூரிலிருந்து: அப்பாவுக்கு 71. மனநோய்க்கு மாதாமாதம் ஊசி, கூடவே அந்த ஊசியால் வரும் விறைப்புக்கும் நடுக்கத்துக்கும் பென்செக்சோல் குளிசை. இப்போது மறதி. மறதிக்கென்று வேறு வைத்தியரிடம் போகலாமா?

போகலாம் தம்பி, ஆனால் பென்செக்சோலைப் பற்றி முதலில் கேளுங்கள். வயதானவர்களுக்கு அதுவே மறதியையும் மலச்சிக்கலையும் தரும். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று. ஒருமுறை ஓர் ஐயாவை வேறிடத்துக்கு மாற்றியபோது மருந்துப் பட்டியல் மட்டும்தான் போனது. முன்பு ஒரு மருந்தால் அவருக்கு உடம்பு விறைத்துப் போனது பழைய கொப்பியில் இருந்தது. அந்தக் கொப்பியோ வீட்டு அலுமாரியில். புது இடத்தில் அதே மருந்து, அதே விறைப்பு. அதனால் பழைய கிளினிக் கொப்பிகளை எறியாதீர்கள். எது ஒத்துவந்தது, எது வரவில்லை, வருத்தம் திரும்பும் முன் அவர் எப்படி மாறுவார் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

கிண்ணியாவிலிருந்து: உம்மாவுக்கு 68, மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறா. இரண்டு நாளாக ஆளே தெரியவில்லை. முதியோர் பிரிவு எங்கே?

பிரிவு தேட இது நேரமில்லை. இரண்டு நாளில் வந்த குழப்பம் பெரும்பாலும் உடம்பிலிருந்து வருவது, சலத்தில் கிருமி, இரத்தத்தில் சோடியம் (உப்பு) குறைவு போல. இன்றே அவசர சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள், குளிசைப் பையோடு.