தனியே மூன்று நாள், சோழர் கோயில்கள்

கேள்வி: மூன்று நாள் லீவு. தனியாகச் சோழர் கோயில்களைப் பார்க்க ஆசை. எங்கே தங்கலாம்?
– வாசகி, ஈரோடு

பதில்: கும்பகோணத்திலேயே தங்குங்கள், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். பெட்டியை அறையில் வைத்துவிட்டுத் தினமும் கைப்பையோடு கிளம்பலாம். தஞ்சாவூர் சுமார் 40 கி.மீ.; ரயிலும் உண்டு. பகல் 12 முதல் 4 வரை பெரும்பாலும் நடை சாத்தியிருக்கும், அது சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும்.

கங்கைகொண்டசோழபுரத்துக்கு விடியற்காலையிலேயே புறப்படுங்கள். சண்டேச அனுக்கிரக மூர்த்தி சிற்பத்தின் முன் அவசரப்படாமல் நில்லுங்கள். தன் பக்தரான சண்டேசர் தலையில் சிவன் மாலை சுற்றும் அந்தக் கைகளுக்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன். இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

தாராசுரம் பக்கம்தான், மாலையில் ஆட்டோவில் போய், தேர்ச்சக்கர மண்டபத்தைச் சுற்றிப் பாருங்கள். அப்புறம் நேரமிருந்தால் சுவாமிமலை. சிதம்பரத்தை இந்த முறை சேர்க்க வேண்டாம்.