பழைய பிக்கப்பில் மாற்றிப் போட்ட இஞ்சின் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவரிடம் இருப்பது 1975 ஷெவர்லே பிக்கப். வி8 இஞ்சின் எப்போதோ மாற்றப்பட்டிருக்கிறது. விற்றவர் "350 போட்டிருக்கு" (350 கன அங்குல இஞ்சின்) என்றாராம், ரசீது எதுவும் இல்லை. பின்பக்கம் ஆயில் ஒழுகுவதால் ரியர் மெயின் சீல் (கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் சீல்) வாங்க வேண்டும், எதை வாங்குவது என்று தெரியவில்லை. ஆயில் ஸ்டிக் பயணி பக்கம் இருக்கிறது, வால்வ் கவரில் ஓரத்தில் 4 போல்ட் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்.

அந்தக் கடைசி இரண்டு விவரங்களே பாதி வேலையை முடித்துவிட்டன. ஷெவர்லே ஸ்மால் பிளாக்கில் (350, 305 இரண்டும் இந்த வி8 குடும்பம்தான்) 1979 வரை ஆயில் ஸ்டிக் ஓட்டுநர் பக்கம் இருந்தது, 1980-லிருந்து பயணி பக்கம் போனது. (இவை அமெரிக்க வண்டிகள்: ஓட்டுநர் பக்கம் என்றால் இடது, பயணி பக்கம் என்றால் வலது.) ஆக உங்கள் பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் இஞ்சினின் உடல்) 1980-க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பில்லை. வால்வ் கவர் போல்ட் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தது 1987 வாக்கில். உங்களுடையது ஓரத்தில் இருப்பதால், ஹெட்டை யாரும் மாற்றவில்லை என்றால் இஞ்சின் 1980-க்கும் 1986-க்கும் நடுவில் வந்தது. ஆனால் அந்த 1986-தான் தொந்தரவு. 1985 வரை ரியர் சீல் இரண்டு துண்டு, 1986-லிருந்து ஒரே வளையம். ஒன்றுக்கு இன்னொன்று போடவே முடியாது. கிராங்க் பின்முகத்தில் போல்ட் வட்டமும் மாறியதால் ஃப்ளைவீலும் வேறு. அதனால் ஊகத்தோடு நிற்காமல் பிளாக்கிலேயே எழும்பி நிற்கும் வார்ப்பு எண்ணைப் படித்தே ஆக வேண்டும்.

வண்டியின் அடையாள எண்ணைப் பார்த்துப் பயனில்லை. தொழிற்சாலையில் முதலில் ஏறிய இஞ்சினைத்தான் அது சொல்லும். ஏர் கிளீனர் மூடி ஸ்டிக்கரையும் பெயின்ட் நிறத்தையும் நம்ப வேண்டாம். இதை நான் அனுபவித்தே சொல்கிறேன். என் பிக்கப்பும் 350 என்றுதான் கைக்கு வந்தது. மூடியில் ஸ்டிக்கர், பிளாக்கில் பளிச்சென்று ஆரஞ்சு பெயின்ட். 350-க்கான பிஸ்டன் செட் வாங்கி வைத்துவிட்டு ஹெட்டைக் கழற்றினேன். புது பிஸ்டனை சிலிண்டர் வாயில் வைத்தால் இறங்கவே இல்லை, மேலேயே உட்கார்ந்துகொண்டது. 350-இன் போர் (சிலிண்டர் விட்டம்) 101.6 மில்லிமீட்டர், 305-இன் போர் 94.9. ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) இரண்டுக்கும் ஒன்றுதான், 88.4. வெளித்தோற்றமும் அச்சு அசல் ஒன்று. அன்றைக்குத்தான் பின்பக்கம் சுரண்டி எண்ணைப் பார்த்தேன்: 361979. 1970-களின் பிற்பாதியில் வந்த 305. கழற்றுவதற்கு முன்னால் அரை மணி நேரம் செலவழித்திருந்தால் பணமும் மனக்கஷ்டமும் மிஞ்சியிருக்கும். நீங்கள் அந்த அரை மணி நேரத்தைச் செலவழியுங்கள்.

எண் இருக்கும் இடம்: பிளாக்கின் பின்விளிம்பு, ஓட்டுநர் பக்கம், சிலிண்டர் ஹெட் முடிந்த உடனே, கியர்பாக்ஸ் வந்து சேரும் இடத்துக்கு மேலே. பல வருஷ கிரீஸ் அங்கே கெட்டியாக அப்பியிருக்கும். முதலில் மரக்குச்சியால் சுரண்டுங்கள். அப்புறம் பிரேக் கிளீனர் அடித்து, கம்பி பிரஷால் தேயுங்கள். தலையை நுழைக்க இடம் இருக்காது, போனை உள்ளே நீட்டி வீடியோ எடுத்துக்கொள்வது சுலபம். வெளிச்சத்தை நேராக அடிக்காமல் சாய்வாக அடித்தால்தான் எழுத்து மேடாகத் தெரியும். 3-உம் 8-உம் குழப்பும், எழும்பிய எழுத்தின் மேல் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் தெளிவாகும். 14010207 என்று இருந்தால் 1980-85 காலத்து 350, இரண்டு துண்டு சீல். 14010201 என்றால் அதே காலத்து 305. 14093638 என்றால் அதற்குப் பின் வந்த 350, ஒரே வளைய சீல். கடைசி இரண்டு மூன்று இலக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது, அவசரப்பட்டுப் படிக்காதீர்கள்.

வார்த்த தேதி பெரும்பாலும் அதே பின்விளிம்பில் பயணி பக்கம் இருக்கும். ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு வருஷத்தின் கடைசி இலக்கம். எழுத்து ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். 'எஃப் 21 3' என்றால் ஜூன் 21, வருஷம் 3-இல் முடியும். எந்தப் பத்தாண்டு என்பதை அது சொல்லாது, வார்ப்பு எண்ணை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முன்பக்கமும் ஒன்று இருக்கிறது. பயணி பக்க ஹெட்டுக்கு முன்னால் சிறிய தட்டையான மேடையில் பஞ்ச் அடித்த எண். முதல் எழுத்து தொழிற்சாலை: வி என்றால் ஃபிளிண்ட், டி என்றால் டோனவாண்டா. அடுத்த நான்கு இலக்கம் இஞ்சின் பூட்டிய மாதமும் நாளும். கடைசி இரண்டு மூன்று எழுத்து எந்த வண்டிக்கான இஞ்சின் என்ற குறியீடு. ஒரே குறியீட்டை வேறு வேறு வருஷங்களில் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார்கள், அதனால் வார்ப்பு எண்ணோடு சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். ஒரு முக்கியமான எச்சரிக்கை: இங்கே கம்பி பிரஷோ கிரைண்டரோ வேண்டாம். பஞ்ச் ஆழமே இருக்காது, அழிந்தால் அழிந்ததுதான். துணியும் பெயின்ட் ரிமூவரும் போதும். அந்த மேடை மொழுமொழுவென்று இருந்தால் ரீபில்டின்போது மேல்முகத்தை மெஷினில் சீவியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது ரீபில்ட் செய்தவர் அடித்த '030' மாதிரி எண் கிடைக்கலாம். போரை 0.030 அங்குலம் பெரிதாக்கியிருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம் அது. பிஸ்டன் வாங்கும்போது அந்த எண் கட்டாயம் வேண்டும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

(ஃபோர்ட் பிக்கப் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வரி: ஸ்மால் பிளாக் ஃபோர்டில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால் இருக்கும், ஷெவர்லேயில் பின்னால். 302-உம் 351 விண்ட்சரும் ஒன்றுபோல் இருந்தாலும் 351-இன் பிளாக் ஓர் அங்குலத்துக்கு மேல் உயரம், அதனால் இன்டேக் மேனிஃபோல்ட் அகலம்.)

கடைசியாக அந்த ஆயில் ஒழுகல். எண்ணைப் படிக்கச் சுத்தம் செய்யும் அதே இடத்துக்கு மேலேதான் டிஸ்ட்ரிபியூட்டரும், பக்கத்திலேயே ஆயில் பிரஷர் சென்டரும், இன்டேக் மேனிஃபோல்டின் பின்சீலும் இருக்கின்றன. அங்கிருந்து வடியும் ஆயிலும் பின்விளிம்பு வழியாக இறங்கி ரியர் சீல் ஒழுகுவது போலவே காட்டும். துடைத்து முடித்ததும் இஞ்சினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, டார்ச் அடித்து மேலிருந்து கீழே பாருங்கள். எண் இருக்கும் விளிம்பு திரும்ப நனைந்தால் ஒழுகல் மேலே இருக்கிறது, கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டியதே இல்லை.