இறக்கத்தில் உள்வாங்கும் நடைக்கோல்: பீக்கோ பாதைக்கு எதை வாங்குவது?

இரவல் வாங்கிய திருகுப் பூட்டு நடைக்கோல் இறக்கத்தில் பாரம் விழுந்ததும் உள்வாங்கிக் குறுகிவிடுகிறது, இலங்கை மலையகத்தின் நெடுநடைப் பாதையான பீக்கோ பாதைக்கு எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். திருகிப் பூட்டும் கோலை விட்டுவிட்டு, வெளிப்புறத்தில் நெம்புப் பூட்டு (சிறு நெம்பை மடக்கி இறுக்குவது) உள்ள, நீளத்தை மாற்றக்கூடிய அலுமினியக் கோல்களை ஒரு சோடியாக வாங்குங்கள். ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 22 கட்டங்களையும் நடக்கப் போகும் உங்களுக்குக் காபன் கோலின் எடைக்குறைவு பெரிய இலாபமல்ல. தேயிலை மலையின் வடிகானில் நுனி சிக்கிப் பக்கவாட்டில் இழுபட்டால் அலுமினியம் வளையும், காபன் முறிந்துவிடும்.

உங்கள் இரவல் கோல் இறக்கத்தில் உள்வாங்குவதற்குப் பெரும்பாலும் ஈரமே காரணம். திருகுப் பூட்டுக்குள் இருக்கும் பிளாஸ்ரிக் துண்டு விரிந்து குழாயின் உட்சுவரைப் பிடிக்க வேண்டும். நடுவில் மழைநீரும் மண்ணும் புகுந்தால் பிடி வழுக்கும். துண்டுகளைக் கழற்றித் துடைத்து, ஓர் இரவு காயவிட்டுப் பாருங்கள். எண்ணெய் மட்டும் பூசிவிடாதீர்கள், அது வழுக்கலைக் கூட்டும்.

கடையிலேயே பூட்டைச் சோதிக்கலாம். நிமிர்ந்து நின்று நுனியைத் தரையில் ஊன்றும்போது முழங்கை 90 பாகையில் மடங்கும் அளவுக்குக் கோலை நீட்டிப் பூட்டி, பூட்டின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு, உடம்பின் பாரத்தைப் பலமுறை அதன்மேல் இறக்குங்கள். கோடு நகர்ந்தால் நெம்பின் திருகாணியைக் கொஞ்சம் இறுக்கி மீண்டும் பாருங்கள்; பிறகும் நகர்ந்தால் அந்தக் கோல் வேண்டாம். நீண்ட இறக்கங்களில் 5 முதல் 10 சென்ரிமீற்றர் கூட்டிக்கொள்ளலாம்.

ஒன்றில் கவனம் தேவை: உலோக நுனி மண்ணில் நன்றாகக் குத்தி நிற்கும், ஆனால் தோட்டத் தொழிலாளர் லயத்துச் சீமெந்துப் படிகளிலும் தார் வீதியிலும் சறுக்கும். அங்கே றப்பர் மூடியை மாட்டுங்கள். சேறு அதைக் கழற்றி விழுங்கிவிடும் என்பதால் மேலதிகமாக ஒரு சோடி பையில் இருக்கட்டும்.