வாழ்நாள் முழுவதும் கிறிஸ்தவ ஊழியம் செய்தவர்களிடமிருந்து என்ன கற்றுக்கொள்ளலாம்?

ஊழியம் என்பது, கடவுளுக்குச் செய்யும் பணியாக எண்ணி மனிதருக்குச் செய்யும் தொண்டு. நீண்ட கால ஊழியர்களின் வாழ்க்கை கற்பிக்கும் முதல் பாடம், நம்பிக்கையைச் சம்பாதிக்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதே.

சுவார்ட்ஸ் ஐயர் என்ற மிஷனரியை எடுத்துக்கொள்வோம். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த இந்த ஜெர்மானியர், தமிழைக் கற்று, திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சாவூரிலும் உழைத்து, தாயகம் திரும்பாமலே 1798-இல் தஞ்சையில் காலமானார். ஹைதர் அலியுடன் நடந்த போரின்போது தஞ்சைக் கோட்டைக்குள் மக்கள் பசியால் தெருவில் விழுந்து இறந்தார்கள். வெளியே நெல் இருந்தது. ஆனால் முன்பு கொடுத்ததற்கே பணம் வராததால், அரசரின் உத்தரவுக்கும் கும்பினியாரின், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியாரின், வாக்குக்கும் யாரும் மசியவில்லை. பணத்துக்குத் தாமே பொறுப்பு என்று சுவார்ட்ஸ் சொன்ன பிறகுதான் மாடுகளும் நெல்லும் கோட்டைக்கு வந்தன. அவரிடம் படையும் இல்லை, பதவியும் இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

மாதந்தோறும் பாக்கியைத் தவறாமல் தீர்ப்பவருக்கு, அவசர நாளில் மளிகைக்கடைக்காரர் ஒரு மூட்டை அரிசியை வாய்ச்சொல்லுக்கே எடுத்துத் தருவார் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

ஊழியம் என்றால் பிரசங்கம் மட்டுமே என்று பலர் கருதுகிறார்கள்; ஆனால் பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் என்ற நூலின் 6-ஆம் அதிகாரத்தின் கிரேக்க மூலத்தில், விதவைகளுக்கு அன்றாடம் உணவு பகிர்வதற்கும் வசனத்தைப் போதிப்பதற்கும் ஒரே சொல்தான் வருகிறது.