மகள் பிளானிங் இன்ஜினியர் ஆக வேண்டும்: சாஃப்ட்வேர் கோர்ஸுக்கு இப்போதே பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகள் பி.இ. சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பிரைமவேரா (வேலை அட்டவணை போடும் சாஃப்ட்வேர்) படித்தால் போதும், சைட்டில் வெயிலில் நிற்க வேண்டாம், ஆபீசில் உட்கார்ந்தே பிளானிங் இன்ஜினியர் வேலை பார்க்கலாம், வேலைக்கு நூறு சதவீதம் உத்தரவாதம் என்று ஒரு பயிற்சி மையத்தில் சொல்கிறார்கள். கடன் வாங்கியாவது கட்டிவிடலாமா?

பதில்: ஐயா, கடன் வாங்க வேண்டாம். மகள் தேர்ந்தெடுத்திருக்கும் துறை நல்ல துறை. நன்றாகக் கற்றுக்கொண்டவருக்கு இருபது முப்பது வருடம் சோறு போடும் துறை. ஆனால் அந்த மையம் சொல்லும் வழியில் அங்கே போய்ச் சேர முடியாது. ஏன் என்று புரிய, அந்த வேலையில் என்னதான் செய்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

இன்றைய தேதிக்கு எவ்வளவு வேலை முடிந்திருக்க வேண்டும், எவ்வளவு முடிந்திருக்கிறது, அதற்கு எத்தனை மூட்டை சிமென்ட், எத்தனை டன் கம்பி, எத்தனை ஆள், எவ்வளவு பணம் போயிருக்கிறது, மீதி வேலை எப்போது என்ன செலவில் முடியும்? இந்தக் கேள்விகளுக்கு வாரா வாரம் பதில் சொல்வதுதான் பிளானிங், புராஜெக்ட் கன்ட்ரோல் வேலை. பதிலுக்கான எண்கள் எல்லாம் சைட்டில்தான் பிறக்கின்றன. சாஃப்ட்வேர் அவற்றை அடுக்கிக் காட்டும், அவ்வளவுதான். தப்பான எண்ணைக் கொடுத்தாலும் அதே அழகோடு அடுக்கிக் காட்டும்.

ஐந்து தளமுள்ள ஓர் அடுக்ககத்தை எடுத்துக்கொள்வோம். தளத்துக்குப் பத்து நாள் என்று கணினியில் போட்டால், ஐம்பது நாளில் கான்கிரீட் வேலை முடிவதாகக் கோடு வரும். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 என்ன சொல்கிறது? சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டில் போட்ட ஸ்லாபுக்கு, 4.5 மீட்டர் வரை ஸ்பான் (தாங்கிகளுக்கு இடைப்பட்ட நீளம்) இருந்தால் அடியில் தாங்கும் முட்டு 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் போனால் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள். பீம் 5 மீட்டர், கையில் இருப்பது ஒரே செட் சென்ட்ரிங் சாமான் என்று வையுங்கள். கான்கிரீட் போட்டு 14 நாள் கழித்துத்தான் முட்டும் ஷீட்டும் மேல் தளத்துக்குப் போகும். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, எலெக்ட்ரிகல் பைப் பதித்து, செக்கிங் முடித்து மறுபடி கான்கிரீட் போட இன்னும் ஐந்தாறு நாள். ஆக, ஒரு தளத்துக்கு இருபது நாள்.

பத்து நாளில் ஒரு தளம் ஏற வேண்டுமானால் இரண்டாவது செட்டை வாடகைக்கு எடுக்க வேண்டும். அப்போதும் புதுத் தளத்தின் பாரம் கீழே உள்ள தளத்தின் மேல்தான் இறங்கும் என்பதால், கீழே எத்தனை முட்டுகளை விட்டுவைக்க வேண்டும் என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேட்டாக வேண்டும். தேதியை மட்டும் போட்டு சாமானை மறந்த அட்டவணை முதல் மாதத்திலேயே பொய்யாகிவிடும். அவசரத்தில் முட்டுகளை முன்கூட்டியே பிடுங்கும் விபரீதமும் இப்படிப்பட்ட அட்டவணையின் நெருக்கடியில்தான் நடக்கிறது.

கம்பிக் கணக்கு இன்னும் நுட்பமானது. எடை மேடைச் சீட்டுப்படி சைட்டுக்கு வந்தது 25 டன். கான்கிரீட் போட்ட பகுதிக்கு பி.பி.எஸ். (எந்தக் கம்பி, என்ன நீளம், எத்தனை என்ற பட்டியல்) கணக்குப்படி ஆனது 22.8 டன். யார்டில் இருப்பு 0.9 டன். 1.3 டன் கணக்கில் இல்லை. பயன்பட்ட கம்பியில் இது 5.7 சதவீதம், வழக்கமாக 3 சதவீதம் அளவுக்குத்தான் கழிவு ஒத்துக்கொள்வார்கள். உடனே ஸ்டோர்கீப்பரையோ வாட்ச்மேனையோ சந்தேகப்படுவது பல இடங்களில் நடக்கிறது. விஷயம் தெரிந்தவர் முதலில் 8 மி.மீ. கம்பியில் சரியாக ஒரு மீட்டர் துண்டுகள் சிலவற்றை வெட்டி எடை போடுவார். விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுக்கும் சூத்திரப்படி மீட்டருக்கு 0.395 கிலோ வர வேண்டும். ஐ.எஸ். 1786 தரத்தில், 10 மி.மீ. வரை உள்ள கம்பிக்கு எடை 7 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். எடை 0.41 என்று காட்டினால் கம்பியே ஏறக்குறைய 4 சதவீதம் கனமானது. 25 டன்னில் பத்து டன் 8 மி.மீ. என்றால், 350 கிலோவுக்கு மேல் இதிலேயே விடை கிடைத்துவிடும்.

அடுத்து கம்பி வெட்டும் இடத்துக்குப் போக வேண்டும். 12 மீட்டர் கம்பியில் 3.5 மீட்டர் துண்டு மூன்று எடுத்தால் 1.5 மீட்டர் மிச்சம் விழும், 12.5 சதவீதம் கழிவு. அதே கம்பியில் 3.5 மீட்டரில் இரண்டு, 2.5 மீட்டரில் இரண்டு என்று எடுத்தால் ஒரு துண்டுகூட மிஞ்சாது. எந்தக் கம்பியில் எந்தெந்தத் துண்டு என்று முந்தைய நாளே சீட்டு எழுதி மேஸ்திரி கையில் கொடுப்பது பிளானிங் ஆளின் வேலை. பி.பி.எஸ்.ஸில் சேர்க்காமல் விட்ட லேப் (கம்பியோடு கம்பி ஒட்டி நீளும் பகுதி), ‘சேர்’ (மேல் கம்பியைத் தாங்கும் நாற்காலி வடிவக் கம்பி) ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகும் குறைந்தால்தான் திருட்டு என்ற பேச்சே எழ வேண்டும்.

பணக் கணக்குக்கு வருவோம். பிளாக் கட்டு வேலை மொத்தம் 500 கன மீட்டர், கன மீட்டருக்கு ரூ.6,000 வீதம் பட்ஜெட் 30 லட்சம். இன்றைக்குள் 200 கன மீட்டர் முடிந்திருக்க வேண்டும், அதன் மதிப்பு 12 லட்சம். முடிந்தது 160, மதிப்பு 9.6 லட்சம். செலவோ 10.8 லட்சம். முடிந்த மதிப்பைத் திட்டமிட்ட மதிப்பால் வகுத்தால் 0.8, இது எஸ்.பி.ஐ. (அட்டவணைக் குறியீடு). செலவால் வகுத்தால் 0.89, இது சி.பி.ஐ. (செலவுக் குறியீடு). போக்கு மாறாவிட்டால் இந்த வேலை 33.75 லட்சத்தில்தான் முடியும். ஒரு எச்சரிக்கையும் தேவை. சுலபமான வேலைகளை முன்னால் முடித்து எஸ்.பி.ஐ.யை நன்றாகக் காட்டிவிடலாம். தாமதமான திட்டத்திலும் கடைசியில் அது 1-ஐத் தொட்டுவிடும், எல்லா வேலையும் முடிந்துவிடுகிறதே! அதனால், ஒரு நாள் தள்ளினாலும் மொத்தத்தையும் தள்ளிவிடும் கிரிட்டிகல் பாத் வேலைகளைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். எண் வந்த பிறகு காரணம் தேட வேண்டும். கொத்தனார் போதவில்லையா? பிளாக்கை மேலே ஏற்றும் ஹாய்ஸ்ட் பழுதா? கதவு, ஜன்னல் அளவு முடிவாகாமல் டிராயிங் நிற்கிறதா? இதைச் சுவருக்குப் பக்கத்தில் நின்றால்தான் கண்டுபிடிக்க முடியும். எனக்குத் தெரிந்து இந்தத் துறையின் உயிரே இதுதான்.

தினசரி அறிக்கையை இளைஞர்கள் பலர் வெறும் எழுத்து வேலையாக நினைத்து ஏனோதானோ என்று நிரப்புகிறார்கள். மழையால் எத்தனை மணி நேரம் வேலை நின்றது, எந்த டிராயிங் என்றைக்குக் கைக்கு வந்தது, எத்தனை பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்ற குறிப்புதான் பின்னாளில் கூடுதல் அவகாசமும் இழப்பீடும் கேட்க ஆதாரம். பன்னாட்டுத் திட்டங்களில் புழங்கும் ஃபிடிக் ஒப்பந்தத்தின் 1999 பதிப்பில், நிகழ்வு தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய, நாளிலிருந்து 28 நாளுக்குள் ஒப்பந்ததாரர் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் உரிமையே போய்விடும். வளைகுடா வேலை மனதில் இருந்தால் மகள் இதை இப்போதே தெரிந்துகொள்ளட்டும்.

இனி, மீதியுள்ள கல்லூரிக் காலத்தில் என்ன செய்யலாம்? முதலில் எக்செல். சம்இஃப்ஸ், லுக்கப், பிவட் டேபிள் மூன்றும் கைக்கு வர வேண்டும். அடுத்து ஏதாவது ஒரு இரண்டு மாடி வீட்டின் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கை வாங்கி, ஐ.எஸ். 1200 முறைப்படி அளவெடுத்து, முழு பி.பி.எஸ். போடச் சொல்லுங்கள். எந்தக் கோர்ஸும் தராத பயிற்சி இது, செலவும் இல்லை. விடுமுறையில் இன்டர்ன்ஷிப் போகும் இடத்தில் ஸ்டோரில் ஒரு வாரம், பில்லிங் பிரிவில் ஒரு வாரம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். இன்டென்ட் (சாமான் கேட்கும் சீட்டு), சலான் (சாமானோடு வரும் சீட்டு), எம்-புக் (அளவுப் புத்தகம்), ஆர்.ஏ. பில் (வேலை நடக்க நடக்கப் போடும் பில்) நான்கையும் கண்ணால் பார்த்திருந்தால் நேர்காணலில் அது தெரிந்துவிடும்.

சாஃப்ட்வேரை நான்காம் ஆண்டில் படித்தால் போதும். எம்.எஸ். புராஜெக்ட்டோ பிரைமவேராவோ, ஒன்றில் கை பழகினால் மற்றது சீக்கிரம் வந்துவிடும். மையத்தில் சேரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். அசல் டிராயிங்கிலிருந்து அட்டவணை போடச் சொல்லித் தருவார்களா? பேஸ்லைன் (ஒப்பிட்டுப் பார்க்கும் முதல் அட்டவணை) போட்ட பிறகு, வாரா வாரம் முன்னேற்றத்தை ஏற்றி, தாமதத்தை எப்படி மீட்பது என்று செய்ய வைப்பார்களா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்று சொல்லி, வகுப்பையும் உட்கார்ந்து பார்க்க விட்டால், கையில் இருக்கும் பணத்துக்குள் சேர்க்கலாம். உத்தரவாதம் தருவதாகச் சொல்பவரிடம், எந்த நிறுவனத்தில், என்ன பதவியில், வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்று எழுதிக் கேளுங்கள். பி.எம்.பி. என்ற திட்ட மேலாளர் சான்றிதழையும் சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். நான்கு வருடப் பட்டதாரிக்கு மூன்று வருடம் திட்டங்களை வழிநடத்திய அனுபவம் இருந்தால்தான் அந்தத் தேர்வே எழுத முடியும், இப்போது அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

மேற்படிப்பு என்றால் ஐ.ஐ.டி. மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம், புனே நிக்மார் போன்ற இடங்களில் கட்டுமான மேலாண்மை இருக்கிறது. எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வுக்குத் தயாராவது வீண் போகாது. ஆனாலும் இரண்டு வருடம் சைட்டில் இருந்துவிட்டுப் போனால் அந்தப் படிப்பு பல மடங்கு பயன்படும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் வேலை ஒப்பந்ததாரர் நிறுவனத்தில் சைட் இன்ஜினியராக இருக்கட்டும். தொடக்கச் சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. இரண்டு மூன்று வருடத்தில் பிளானிங்கோ காஸ்ட் கன்ட்ரோலோ கேட்டு மாறலாம், பிறகு கன்சல்டன்ட் நிறுவனங்களும் கதவைத் திறக்கும். பெண் பிள்ளை சைட்டில் நிற்பதா என்ற உங்கள் தயக்கம் புரிகிறது. அதற்காகத் துறையையே சுருக்க வேண்டாம், நிறுவனத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன், சைட்டில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா, இரவில் கான்கிரீட் போடும் நாளில் வீட்டுக்கு வண்டி உண்டா, தங்குமிடம் எங்கே, பாலியல் புகார்களை விசாரிக்கும் உள் குழுவில் யார் யார் என்று மகளே நேரடியாகக் கேட்கட்டும். முடிந்தால் அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் ஒரு பெண் இன்ஜினியரிடமும் பேசிப் பார்க்கட்டும்.