வேர்ப் பூஞ்சை: எந்தச் செடி ஏற்கும், எது ஏற்காது?

கேள்வி: மைக்கோரைசா தூள் ஒரு டப்பா வாங்கியிருக்கிறேன். மிளகாய், கத்திரி, முட்டைக்கோஸ், ஸ்பினச் எல்லாவற்றுக்கும் போடலாமா? – வாசகி, சாட்ஸ்வொர்த்

மைக்கோரைசா என்பது செடியின் வேரோடு கூடி வாழும் பூஞ்சை. மிளகாய்க்கும் கத்திரிக்கும் தாராளமாகப் போடுங்கள். மற்ற இரண்டுக்கும் போட்டால் காசு வீண். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு இவற்றின் வேர்கள் இந்தப் பூஞ்சையை ஏற்பதில்லை. இங்கே தென்னாப்பிரிக்காவில் ஸ்பினச் என்று கட்டுக்கட்டாக விற்கும் கீரை பீட்ரூட்டின் இனம். அந்தக் குடும்பமும் அப்படித்தான். தக்காளி, பீன்ஸ், மக்காச்சோளம், சுரை, பாகல், சேம்பு, வாழை, மா, லிச்சி, எலுமிச்சை, கரும்பு எல்லாம் ஏற்கும். வெங்காயத்துக்கு வேர்த்தூவிகள் மிகக் குறைவு என்பதால் அதற்குப் பலன் கூடுதல்.

பாஸ்பரஸ் மண்ணில் நகராத சத்து. குவாசுலு-நட்டாலின் புளிப்பான செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வேர் எட்டாத இடத்துக்குப் பூஞ்சை இழை போய் அதையும் துத்தநாகத்தையும் எடுத்து வரும்; பதிலுக்குச் செடியிடம் சர்க்கரையும் கொழுப்பும் பெறும்.

தூள் வேரில் பட வேண்டும். மேல்மண்ணில் தூவினால் பெரும்பாலும் வீண். நாற்று நடும்போது குழியில், வேர் உட்காரும் இடத்திலேயே ஒரு டீஸ்பூன் போதும். தயாரிப்புக்குத் தயாரிப்பு வீரியம் மாறும், டப்பாவில் உள்ள அளவையும் பாருங்கள்.

அப்படியும் பலன் தெரியாவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கோழி எரு. அதிலும் சூப்பர் பாஸ்பேட்டிலும் பாஸ்பரஸ் மிக அதிகம். கையில் சத்து இருக்கும்போது செடி பூஞ்சைக்கு இடம் கொடுக்காது. அந்தப் பாத்திக்கு மக்கிய இலை உரமே நல்லது. கார்பென்டாசிம் போன்ற பூசணக்கொல்லியை வேரில் ஊற்றுவதும், பாத்தியை அடிக்கடி ஆழமாகக் கொத்துவதும் இழைகளைக் கெடுக்கும். முட்டைக்கோஸ் எடுத்த பாத்தியில் பூஞ்சை குறைந்திருக்கும், அடுத்துப் பீன்ஸோ மக்காச்சோளமோ போடுங்கள்.

கேள்வி: டப்பா விலை கட்டுப்படியாகவில்லை. வீட்டில் பெருக்க முடியுமா? – வாசகர், டோங்காட்

முடியும். அடியில் ஓட்டையிட்ட 10 லிட்டர் வாளியில் கழுவிய ஆற்றுமணல் 3 பங்கு, பல வருடம் கொத்தாத புல்தரையின் அடிமண் 1 பங்கு. மண்ணை 5 முதல் 15 செ.மீ. ஆழத்தில், மெல்லிய வேர்களோடு எடுங்கள். மக்காச்சோளமும் வெங்காயமும் விதைத்து, பாஸ்பரஸ் உரமில்லாமல் 3, 4 மாதம் வளருங்கள். பிறகு 10 நாள் தண்ணீரை நிறுத்தினால் செடி காயும், பூஞ்சை வித்துகள் தங்கும். தண்டை வெட்டி எறிந்து, வேரைப் பொடியாக நறுக்கி மணலோடு கலந்து நிழலில் உலர்த்துங்கள். துணிப்பையில் குளிர்ந்த இடத்தில் வைத்து, ஒரு வருடத்துக்குள் குழிக்கு 2 மேசைக்கரண்டி வீதம் போட்டுத் தீர்த்துவிடுங்கள்.

தக்காளி, கத்திரி வாடிச் செத்த இடத்து மண்ணையும், வேரில் முடிச்சுகள் கண்ட மண்ணையும் எடுக்கவே கூடாது. வாடல் நோயும் நூற்புழுவும் சேர்ந்தே பெருகிவிடும்.

கேள்வி: மக்கடேமியா கன்றுக்கும் இதே தூளா? – வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

வேண்டாம். மக்கடேமியாவும் புரோட்டியா என்ற பூச்செடியும் ஒரே குடும்பம். கொத்துக்கொத்தாக நுண்வேர் விட்டு, அமிலம் சுரந்து, பாஸ்பரஸைத் தாமே கரைத்துக்கொள்ளும். புரோட்டியாவுக்குப் பாஸ்பேட் உரம் நஞ்சு. பைன் மரத்துக்கு வேரை வெளியே உறைபோல மூடும் வேறு வகைப் பூஞ்சையும், புளுபெர்ரிக்கும் எரிக்கா என்ற புதர்ச்செடிக்கும் இன்னொரு வகையும் வேண்டும். காய்கறித் தோட்டத்துத் தூள் அங்கே உதவாது.