டீசல் ஃபில்டர் அடிக்கடி அடைத்துக்கொண்டால்: எறிவதற்கு முன் வெட்டிப் பாருங்கள்

புது ஃபில்டர் போட்டுச் சில வாரங்களிலேயே சுமையோடு மேடு ஏறும்போது பிக்கப் வண்டி திணறுகிறது, குறை ஃபில்டரிலா டீசலிலா என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்த ஃபில்டர் வாங்கும் முன் கழற்றியதை வெட்டிப் பாருங்கள். என் வண்டியில் கழற்றும் எந்த ஃபில்டரையும் உள்ளே பார்க்காமல் நான் எறிவதில்லை.

ஹேக்சா பிளேடு வேண்டாம். இரும்புத் தூள் உள்ளே டீசலை வடிகட்டும் காகித மடிப்புகளில் விழுந்து உங்களையே ஏமாற்றிவிடும். தகரம் வெட்டும் கத்தரியால் உறையைத் திறந்து, காகிதத்தை வெள்ளைத் துணியின் மேல் விரியுங்கள்.

செம்பழுப்புத் துகள் என்றால் துரு. உங்கள் டேங்கிலோ டீசல் சேமித்த இடத்திலோ தண்ணீர் நின்றிருக்கிறது. விரலில் வழுக்கும் கரும்பாசி போன்ற கசடு, கூடவே கெட்ட வாடை என்றால் அது நுண்ணுயிர். டேங்கின் அடியில் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் அது வளர்கிறது. டீசல்தான் அதற்கு உணவு. டேங்கை இறக்கிக் கழுவாமல் ஃபில்டரை மட்டும் எத்தனை முறை மாற்றினாலும் காசுதான் வீண். முழு ஆயுளும் ஓடிய ஃபில்டர் வெறுமனே கறுத்திருந்தால் பதற வேண்டாம். எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் பக்கம் சூடாகித் திரும்பி வரும் டீசலிலிருந்தே அந்தக் கறுப்பு உண்டாகும்.

காகிதம் சுத்தமாக இருந்தும் இழுவை இல்லையா? டீசலைக் குறை சொல்லாதீர்கள். டேங்க்கிலிருந்து வரும் ஹோஸில் காற்று இழுக்கிறதா, ஃபில்டரின் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, டேங்கினுள் உள்ள சல்லடை அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பயோடீசல் கலந்த எரிபொருளுக்குப் புதிதாக மாறியிருந்தாலும் இப்படி ஆகும். டேங்கின் சுவரில் பல வருடம் படிந்த பிசினை அது கரைத்துக் கொண்டுவரும். ஓரிரு ஃபில்டர்களோடு பெரும்பாலும் அடங்கிவிடும்.

நான் மிகவும் அஞ்சுவது தண்ணீருக்குத்தான். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரயில் எஞ்சினில் அழுத்தம் 2000 பாரைத் தொடும். இன்ஜெக்டருக்குள் உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். அங்கே டீசலே மசகெண்ணெய். தண்ணீர் புகுந்தால் உலோகம் உலோகத்தோடு உரசும். ஆகவே ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாகப் பிரியும். டீசல் கலங்கியே நின்றாலும் பெரும்பாலும் ஈரம்தான். தண்ணீர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் வண்டியை ஓரங்கட்டி, வடித்த பிறகே ஓட்டுங்கள்.

புது ஃபில்டர் மாட்டும்போது சீக்கிரம் ஸ்டார்ட் ஆகட்டும் என்று நடுத் துளையில் டீசலை ஊற்றும் வழக்கம் உண்டு. பெரும்பாலான திருகு ஃபில்டர்களில் அது வடிகட்டிய பக்கம். ஊற்றிய அழுக்கு நேரே பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் போகும். கைப்பம்பால் அடித்துக் காற்றை வெளியேற்றுங்கள். கைப்பம்பு இல்லாத வண்டியில், டேங்கில் மின்பம்பு இருந்தால், ஸ்டார்ட் செய்யாமல் சாவியைச் சில முறை திருப்பி நிறுத்தினால் போதும்.

பெட்ரோல் பங்கில் டேங்கர் லாரி டீசல் இறக்கிக்கொண்டிருந்தால் அப்போது நிரப்பாதீர்கள், அடியில் கிடக்கும் கசடு அந்த நேரத்தில்தான் கிளம்பும். ஒரே பங்கில் நிரப்பிய பிறகு இரண்டு முறை பாட்டிலில் தண்ணீர் பிரிந்தால் அந்தப் பாட்டிலோடு போய்ப் புகார் கொடுங்கள், பங்கையும் மாற்றுங்கள்.